விருந்து மேசைக்கு நம் கைவண்ணம்



பண்டிகை என்றவுடன் புத்தாடையும் பலகாரமும் நினைவுக்கு வருவது இயல்பு. நம் நாட்டில் அவற்றோடு திறந்த இல்ல உபசரிப்பும் சேர்ந்தே நினைவுக்கு வருகின்றது. தீபாவளியன்று மலாய் நண்பரும் சீன நண்பரும் நம் இல்லம் நாடி வருவர். நோன்புப் பெருநாளன்றும் சீனப் புத்தாண்டன்றும் நாம் அவர்தம் இல்லம் செல்வோம். முறுக்கும் அதிரசமும் நெய்யுருண்டையும் அடுக்கிய மேசையைச் சுற்றி எல்லாரும் கூடி அமர்கின்றோம்.

நம் பாட்டன் பாட்டி காலத்தில் விருந்து என்றால் தரையில் பாய் விரித்து, வாழையிலை இட்டு, வரிசையாக அமர்ந்து உண்பதே வழக்கம். வாயிற் தோரணமும் வாசற் கோலமும் வருவோரை முன்னின்று வரவேற்றன. இன்றோ தோட்டத்தை விட்டு அடுக்குமாடிக் குடியிருப்புகளுக்குச் சென்ற குடும்பங்கள் பல. அங்கே வாசல் என்று சொல்ல ஒரு முழ இடமும் இருப்பதில்லை. ஆதலால் வாசலில் செய்த வரவேற்பை மேசையின்மீது செய்ய வேண்டிய நிலையில் இருக்கின்றோம். கைக்கெட்டும் பொருள்களைக் கொண்டு, குழந்தைகளே அதனைச் செய்வது எவ்வாறு என்பதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

'இதற்கெல்லாம் கடைகள் இருக்கின்றனவே!' என்று சிலர் கேட்கக் கூடும். உண்மைதான். கிள்ளானில் தெங்கு கிளானா சாலைக்குச் சென்றாலும், 2010-ஆம் ஆண்டு அக்டோபர் 27-ஆம் நாள் அப்போதைய இந்தியப் பிரதமர் மன்மோகன் சிங்கும் அப்போதைய மலேசியப் பிரதமர் நஜிப் ரசாக்கும் 'லிட்டில் இந்தியா' எனத் தொடக்கி வைத்த பிரிக்பீல்ட்ஸ் பகுதிக்குச் சென்றாலும், நெகிழித் தோரணம் முதல் ஒட்டுக் கோலம் வரை யாவும் கிடைக்கின்றன. அவற்றை வாங்குவது குற்றமன்று. பாதுகாத்து வைத்தால் பல ஆண்டுகளுக்குப் பயன்படும். ஆயினும், எல்லாவற்றையும் வாங்கியே பழகிவிட்டால் நாம் எதனை இழக்கின்றோம் என்பதைச் சில ஆண்டுகளுக்கு முன் எம் பள்ளியில் நடந்த ஒரு நிகழ்ச்சி எமக்கு உணர்த்தியது. அதில் தவறு செய்தவர் வேறு யாருமல்லர், நாமேதாம்.

ஒரு தீபாவளி விருந்து

அவ்வாண்டு பள்ளியில் தீபாவளி விருந்து ஏற்பாடாகியிருந்தது. தோட்டத்தில் உழைத்து ஓய்வு பெற்ற முதியோரைச் சிறப்பு விருந்தினராக அழைத்திருந்தோம். அலங்காரப் பொருள் எதையும் விலைக்கு வாங்குவதில்லை என்று முடிவு செய்தோம். ஐந்தாம் ஆண்டு வகுப்பில், "தென்னங்குருத்தில் தோரணம் மடிக்கத் தெரிந்தவர் யார்?" என்று கேட்டோம். ஒரே ஒரு மாணவன் கையை உயர்த்தினான். வகுப்பில் அதிகம் பேசாத பிள்ளை அவன். ஓலையைக் கையில் கொடுத்தவுடன் அவன் விரல்கள் பேசத் தொடங்கின. ஒரு மணி நேரத்தில் இருபதுக்கு மேற்பட்ட தோரணங்களை மடித்துவிட்டான். எல்லார் முன்னிலையிலும் அவனைப் பாராட்டினோம். மேசையின் விளிம்பு நெடுகிலும் அவற்றைக் கட்டி, எட்ட நின்று பார்த்து மகிழ்ந்தோம்.

விருந்தினருள் முதலில் வந்தவர், அத்தோட்டத்தில் பல்லாண்டு காலம் பால்மரம் வெட்டிய மூதாட்டி ஒருவர். வாயில்வரை சிரித்த முகத்தோடு வந்தவர், உள்ளே பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டார். முகம் மாறியது. "உள்ளே வாங்க, பாட்டி" என்று அழைத்தோம். அவர் வரவில்லை. தாழ்ந்த குரலில், "யாரு தவறிட்டாங்க, சார்?" என்று கேட்டார்.

எமக்கு ஒன்றும் விளங்கவில்லை. அவர் மேசையைச் சுட்டிக் காட்டினார். தோரணம் ஒவ்வொன்றிலும் மூன்று குருவிகள். மூன்றும் தலைகீழாகத் தொங்கிக்கொண்டிருந்தன. மங்கல நிகழ்ச்சிக்குரிய தோரணத்தில் நான்கு குருவிகள் தலைநிமிர்ந்து இருக்கும் என்றும், இறப்பு நேர்ந்த வீட்டில்தான் மூன்று குருவிகளைத் தலைகீழாக மடித்துக் கட்டுவர் என்றும் அவர் சொல்லியே நாம் அறிந்தோம். விருந்தினர் முகம் வாடலாகாது என்பதற்காகவே திருவள்ளுவர் 'விருந்தோம்பல்' என்று ஓர் அதிகாரம் வகுத்திருக்கின்றார். அதனை வகுப்பில் எத்தனையோ முறை விளக்கியவர் நாம். எம் மேசையே ஒரு விருந்தினரின் முகத்தை வாடச் செய்துவிட்டது.

"இதை எங்கே கற்றாய், தம்பி?" என்று மாணவனைக் கேட்டோம். "தாத்தா செத்தப்போ மாமா மடிச்சாரு, சார். பக்கத்துல உட்கார்ந்து பார்த்தேன்" என்றான். அவன் கண்கள் கலங்கியிருந்தன.

மூதாட்டி அவனைக் கடிந்துகொள்ளவில்லை. அருகில் அழைத்து, ஒரு தோரணத்தைக் கையில் எடுத்துப் பார்த்தார். "மடிப்பு சுத்தமா இருக்கு. உன் தாத்தாவுக்கு இது சரிதான்யா. வா, நல்ல காரியத்துக்கு எப்படின்னு காட்டுறேன்" என்று சொல்லி நாற்காலியில் அமர்ந்தார். எஞ்சிய ஓலைகளை வைத்து அவர் மடிக்க, மாணவனும் மடித்தான். அன்று விருந்து அரை மணி நேரம் தாமதமாகவே தொடங்கியது.

பிறகு இதனைப் பற்றிப் பலமுறை எண்ணிப் பார்த்தோம். அம்மாணவன் மூன்று குருவிகளை மட்டும் அறிந்திருந்தது ஏன்? இப்போது திருமணங்கள் பெரும்பாலும் மண்டபங்களில் நடைபெறுகின்றன. அலங்காரத்தை அதற்கென உள்ளவர்கள் செய்து கொடுத்துவிடுகின்றனர். பண்டிகைத் தோரணம் கடையிலிருந்து வருகின்றது. இறப்பு மட்டும் சொல்லிக்கொண்டு வருவதில்லை. அன்றைக்கு உறவினர் கூடி, கிடைத்த ஓலையை வெட்டி, வீட்டு முற்றத்தில் அமர்ந்து மடிக்கின்றனர். குழந்தைகள் கண்ணால் காண்பது அதை மட்டுமே. நல்ல நாளுக்குரிய கைவேலையைக் கடைக்குக் கொடுத்துவிட்டோம். துக்க நாளுக்குரியது மட்டும் கையில் எஞ்சியிருக்கின்றது. ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் கைவேலைப் பாடம் படித்துத் தேறிய நாமும் வண்ணத்தாளில் பல உருவங்கள் மடிக்கக் கற்றோமேயன்றி, நம் வீட்டுத் தோரணத்தைக் கற்கவில்லை.

அன்றிலிருந்து ஆண்டுதோறும் விருந்து மேசையைப் பிள்ளைகளே அலங்கரிக்க வேண்டும் என்பதை எம் பள்ளியில் ஒரு வழக்கமாகக் கொண்டுள்ளோம். அவ்வாறு செய்துவரும் எளிய அலங்காரங்களை இனி ஒவ்வொன்றாகக் காண்போம்.

ஓலையைப் பெறும் முறை

தோரணத்திற்கும் ஓலைப் பூவுக்கும் ஏற்றது தென்னையின் இளங்குருத்து ஓலை. அது வெளிர்மஞ்சளாகவும், மடித்தால் முறியாததாகவும் இருக்கும். முற்றிய பச்சையோலை விறைப்பாக இருப்பதால் குழந்தைகளின் கைகளுக்கு ஏற்றதன்று. பண்டிகைக்கு முந்திய நாள்களில் கிள்ளானிலும் பிரிக்பீல்ட்சிலும் கடையோரங்களில் மாவிலை, கரும்பு ஆகியவற்றோடு இக்குருத்தோலையும் விற்பனைக்கு வரும்.

வீட்டு மரத்திலிருந்து வெட்டுவதாயின் ஒன்றை மறக்கலாகாது. தென்னை கிளை விடாத மரம். அதற்கு வளர்முனை ஒன்றே; அது உச்சியில், குருத்துகளுக்கு நடுவே இருக்கின்றது. அது சிதைந்தால் மரமே பட்டுப்போகும். காண்டாமிருக வண்டு தென்னைக்குக் கொடிய பகையாக இருப்பதற்கும் அது குருத்தைத் துளைத்து உட்புகுவதே காரணம். நன்கு வளரும் நெட்டைத் தென்னையும் ஆண்டுக்கு ஏறத்தாழ 12 ஓலைகளையே விடும். அதாவது மாதத்திற்கு ஒன்று. எனவே, ஒரு குருத்தை வெட்டுவது மரத்தின் ஒரு மாத உழைப்பை எடுத்துக்கொள்வதற்கு ஒப்பாகும். பழக்கமுள்ள பெரியவர் ஒருவரைக் கொண்டு ஒரே ஒரு குருத்தை மட்டும் வெட்டிக்கொள்ளுங்கள். ஓர் ஓலையில் இருநூறுக்கு மேற்பட்ட கீற்றுகள் உள்ளன. ஒரு பள்ளியின் விருந்து மேசைக்கு அதுவே போதுமானது. எக்காரணத்தைக் கொண்டும் குழந்தைகள் மரமேறலாகாது.

நம் தோட்டங்களில் எங்கும் செம்பனை நிற்கின்றதே, அதன் ஓலை ஆகாதா என்று மாணவர்கள் கேட்பதுண்டு. அதன் மட்டையின் அடிப்பகுதியில் கூரிய முட்கள் உண்டு. ஆதலால் பெரியவர்கள் வெட்டிக் கழித்துக் கொடுத்த கீற்றுகளையே தொட வேண்டும். அக்கீற்றின் ஈர்க்குகள் நீளமும் வலிமையும் உடையவை. அவற்றைப் பின்னித் தட்டும் கூடையும் செய்கின்றனர். பலகாரம் வைக்க அவை மிகப் பொருத்தமானவை.

வெட்டிய குருத்தோலையை உடனே பயன்படுத்த முடியாவிடில் ஈரச் சாக்கில் சுற்றி நிழலில் வைக்கவும். மறுநாளும் அது வாடாமல் இருக்கும்.

1. மாவிலைச் சரம்

இது முதலாம், இரண்டாம் ஆண்டு மாணவர்களுக்கு உரியது. தேவையானவை: ஏறத்தாழ ஒரே அளவுள்ள மாவிலைகள், சணற்கயிறு, விரல் நீளத்திற்கு நறுக்கிய ஈர்க்குத் துண்டுகள்.

இலைகளை ஈரத் துணியால் துடைத்துக்கொள்க. கயிற்றை இரு நாற்காலிகளுக்கிடையே இழுத்துக் கட்டுக. இலையின் காம்புப் பகுதியைக் கயிற்றின்மேல் வளைத்துப் பின்புறமாக மடித்து, இரு மடிப்பையும் சேர்த்து ஈர்க்குத் துண்டால் தைத்துவிடுக. இலை நுனி கீழ்நோக்கித் தொங்க வேண்டும்.

இதில் ஒரு கணக்கும் அடங்கியிருக்கின்றது. மேசையின் நீளம் 180 சென்டிமீட்டர். இலைக்கு இலை 6 சென்டிமீட்டர் இடைவெளி. எத்தனை இலைகள் வேண்டும்? முப்பது என்று விரைந்து சொல்பவர் பலர். முப்பது இடைவெளிகளுக்கு முப்பத்தோர் இலைகள் வேண்டும். ஒரு முறை கட்டிப் பார்த்த குழந்தை இக்கணக்கில் மறுமுறை தவறாது.

2. ஓலைச் சக்கரப் பூ

இது மூன்றாம் ஆண்டு முதல் செய்யத்தக்கது. ஒரு கீற்றின் நடுவே ஓடும் ஈர்க்கை உரித்தெடுத்தால் இரண்டு நாடாக்கள் கிடைக்கும். ஏறத்தாழ 30 சென்டிமீட்டர் நீளமும் இரு விரல் அகலமும் உள்ள நாடாவை எடுத்துக்கொள்க. ஒரு முனையிலிருந்து தொடங்கி, ஒரு சென்டிமீட்டருக்கு ஒரு மடிப்பாக, முன்னும் பின்னுமாக விசிறி போல மடித்துச் செல்க. மடித்து முடித்ததும் ஒருபுற விளிம்பை ஒட்டி எல்லா மடிப்புகளினூடும் ஊசி நூலைச் செலுத்தி இறுக்கிக் கட்டுக. மறுபுறத்தை விரித்தால் வட்டமான பூ ஒன்று மலரும். நடுவில் ஒரு செவ்வந்திப் பூவையோ குன்றிமணி அளவு சிவப்புத் தாளையோ ஒட்டலாம். குன்றிமணியையே வைத்துவிடாதீர்கள். அது நஞ்சுடைய விதை. உணவு மேசைக்கு ஆகாது.

ஓலை கிடைக்காத அடுக்குமாடி வீட்டுப் பிள்ளைகள் எழுதி முடித்த பயிற்சி நூலின் தாள்களில் இதனைச் செய்யலாம். ஒவ்வொரு விருந்தினர் இருக்கைக்கு முன்னும் ஒரு பூவை வைத்து, அதன்மீது அவர் பெயரை அழகிய கையெழுத்தில் எழுதி வைத்துப் பாருங்கள். தம் பெயரைக் கண்டதும் அவர் முகத்தில் தோன்றும் மகிழ்ச்சியே உங்களுக்குப் பரிசு.

3. ஓலை ரோசா

இதற்குத் தென்னங்குருத்து நாடாவும் ஏற்றது. பாண்டான் இலையும் ஏற்றது. பாண்டான் இலையாயின் மேசைக்கு நறுமணமும் சேரும்.

நாடாவின் ஒரு முனையை மூன்று சுற்று இறுக்கமாகச் சுருட்டுக. இதுவே மொட்டு. பிறகு எஞ்சிய நாடாவை வெளிப்புறமாகச் சாய்வாக மடித்து, மடிந்த விளிம்பு மேலே நிற்குமாறு மொட்டைச் சுற்றிக் கொண்டு வருக. ஒரு சுற்று முடிந்ததும் மீண்டும் வெளிப்புறமாகச் சாய்த்து மடித்துச் சுற்றுக. ஒவ்வொரு மடிப்பும் ஓர் இதழாகும். ஏழெட்டு இதழ்கள் அமைந்தவுடன் அடிப்பகுதியை நூலால் கட்டி, எஞ்சியதை நறுக்கிவிடுக. ஈர்க்கு ஒன்றைச் செருகினால் அதுவே காம்பு. இவ்வாறு செய்த பூக்களை மூங்கிற் குழாயில் நிறுத்தி வைக்கலாம். முதல் இரண்டு பூக்கள் அவிழ்ந்துபோவது இயல்பு. மூன்றாவது பூ நிச்சயம் நிற்கும்.

4. தட்டுக் கோலம்

நம் நாட்டில் தீபாவளிக் காலத்தில் பேரங்காடிகளின் தரையில் வண்ண அரிசியால் பெரிய கோலங்கள் இடப்படுவதை எல்லாரும் கண்டிருப்பீர்கள். அதனையே சிறிய அளவில் ஒரு தட்டின்மீது இட்டு மேசை நடுவில் வைக்கலாம்.

சமையலுக்குரிய நல்லரிசி வேண்டா, நொய்யரிசியே போதும். மஞ்சள் நிறத்திற்கு மஞ்சள் தூளைச் சிறிது நீரில் குழைத்து அரிசியில் பிசறுக. பச்சைக்குப் பாண்டான் இலையை இடித்துப் பிழிந்த சாறு. நீலத்திற்குச் சங்குப்பூ. மலாய்ச் சமையலில் சோற்றுக்கு நீல நிறம் ஊட்டுவதும் இதே பூதான். ஒரு கைப்பிடிப் பூவைச் சூடான நீரில் ஊறவைத்து வடித்தால் நீலச் சாறு கிடைக்கும். அதில் அரிசியைச் சற்று ஊறவைத்து எடுக்கவும். நீலச் சாற்றில் சில துளி எலுமிச்சைச் சாறு விட்டால் அது ஊதா நிறமாக மாறும். மஞ்சளோடு சிறிது சுண்ணாம்பு சேர்த்தால் சிவப்பாகும். ஆரத்தி நீர் சிவந்திருப்பதன் காரணமும் அதுவே. எலுமிச்சை அமிலம், சுண்ணாம்பு காரம். சங்குப்பூவும் மஞ்சளும் அமிலத்தையும் காரத்தையும் நிறத்தால் காட்டிக்கொடுக்கும் இயல்புடையவை. அறிவியல் பாடத்திற்குரிய ஒரு சோதனையை நம் பாட்டிமார் ஆரத்தித் தட்டிலேயே செய்து வந்திருக்கின்றனர்.

சுண்ணாம்பைக் குழந்தைகள் தொடலாகாது. அதனைக் கலக்கும் பொறுப்பு ஆசிரியருடையது. வண்ணமிட்ட அரிசியைப் பழைய நாளிதழின்மீது பரப்பி நிழலில் உலர்த்துக. தடித்த அட்டையை வட்டமாக வெட்டி, ஐந்து, மூன்று, ஒன்று எனப் புள்ளி வைத்துக் கோலம் வரைக. ஒவ்வொரு பகுதியாகப் பசை தடவி, ஒரு நேரத்தில் ஒரு நிறத்தை மட்டும் தூவுக. பசை காய்ந்தபின் அட்டையைச் சாய்த்தால் ஒட்டாத அரிசி உதிர்ந்துவிடும். நடுவில் உள்ளங்கை அளவு இடத்தை விளக்குக்காக விட்டுவைக்க மறவாதீர்கள்.

5. சிரட்டை விளக்கு

பாதித் தேங்காய்ச் சிரட்டையின் புறத்தை மணல்தாளால் தேய்த்து மெருகேற்றுக. அது உருளாமலிருக்க அடியில் களிமண் வளையம் ஒன்று வைத்து, உள்ளே பாதியளவு மணலை நிரப்புக. அதன்மீது அகல் விளக்கை அமர்த்துக. எண்ணெய் சிந்தினாலும் மணல் உறிஞ்சிக்கொள்ளும்.

விளக்கை ஏற்றுபவர் பெரியவராக இருத்தல் வேண்டும். ஓலையும் தாளும் சுடரிலிருந்து ஓரடிக்கு அப்பால் இருக்கட்டும். ஆளில்லாத மேசையில் விளக்கு எரியலாகாது. மின்விசிறி சுழலும் கூடத்தில் சுடரைத் தவிர்த்து, சிரட்டையில் மலர்களை மிதக்கவிடுவதே நன்று.

6. இலை இடும் முறை

விருந்து வாழையிலையிலாயின் இலையைச் சுடுநீரில் காட்டியோ தணலில் வாட்டியோ எடுத்தால் கிழியாமல் இருக்கும். உண்பவரின் இடக்கைப் பக்கம் இலையின் நுனி வருமாறு இடுதல் மரபு. உண்டபின் தாம்பூலம் வழங்கும் வெற்றிலைத் தட்டும் ஓர் அலங்காரமே. வெற்றிலைகளைக் காம்பு உட்புறமும் நுனி வெளிப்புறமுமாக வட்டமாக அடுக்கி, நடுவில் பாக்கையும் ஒரு பூவையும் வைத்தால் தட்டே தாமரையாகக் காட்சியளிக்கும். மலாய்த் திருமணங்களில் வெற்றிலைகளை அடுக்கிச் செய்யும் 'சீரே ஜுன்ஜோங்' என்னும் அழகிய அமைப்பைப் பார்த்தவர்கள், வெற்றிலையைச் சிறப்பிப்பவர் நாம் மட்டுமல்லர் என்பதை உணர்வர்.

ஒரே ஓலை, மூவர் கைகள்

தென்னங்குருத்தும் அவ்வாறே பலருக்கும் பொதுவானது. நோன்புப் பெருநாளுக்கு மலாய் மக்கள் பின்னும் கெத்துப்பாட் கூடு, இரண்டு இளந்தென்னை நாடாக்களை ஒன்றோடொன்று பின்னிச் செய்யப்படுவதாகும். கூட்டினுள் அரிசியை ஏறத்தாழப் பாதியளவே இடுவர். நீரில் நெடுநேரம் வேகும்போது அரிசி பருத்து, கூட்டின் சுவர்களால் அழுத்தப்பட்டுக் கட்டியாகின்றது. எம் பள்ளியில் பணியாற்றும் மலாய் ஆசிரியை ஒருவர் எம் மாணவர்களுக்கு இப்பின்னலைக் கற்பித்து வருகின்றார். வெறுங்கூடுகளை வண்ணக் கயிற்றில் கோத்து மேசை மூலைகளில் தொங்கவிடுகின்றோம். ஒரே குருத்தின் இடப்புறக் கீற்று தோரணமாகின்றது. வலப்புறக் கீற்று கெத்துப்பாட் ஆகின்றது.

கிள்ளானுக்குத் தெற்கே, கோல லங்காட் கடலோரத்தில் கேரித் தீவு உள்ளது. அங்கு வாழும் மா மெரி என்னும் பூர்வகுடி மக்கள் மரச் சிற்பத்திற்குப் பெயர்பெற்றவர்கள். அவர்களுடைய பெண்டிர் ஓலை மடிப்பதிலும் வல்லவர். மூதாதையரை வழிபடும் 'ஹாரி மோயாங்' விழாவிற்கு நிப்பாப் பனையின் இளவோலைகளை மடித்தும் பின்னியும் பலவகை அணிகளைச் செய்து, வழிபாட்டிடத்தை அலங்கரிக்கின்றனர். அவர்கள் அதனைத் தாயிடமிருந்தும் பாட்டியிடமிருந்தும் கற்கின்றனர். கோலாலம்பூரிலிருந்து சில மணி நேரத்தில் சென்று திரும்பக்கூடிய தொலைவில் இக்கலை இன்றும் கைகளில் வாழ்கின்றது என்பதை நம் பிள்ளைகள் அறிய வேண்டும்.

நான்கு குருவிகள்

இனித் தோரணத்திற்கு வருவோம். நான்கு குருவித் தோரணத்தை மடிக்கும் முறையை ஏன் இங்கு எழுதவில்லை என்று கேட்பீர்கள். எழுத முயன்றோம். எழுதியதை ஆறாம் ஆண்டு மாணவர் இருவரிடம் கொடுத்துச் செய்யச் சொன்னோம். அவர்களால் இயலவில்லை. நகத்தால் எவ்வளவு கீறுவது, எவ்விடத்தில் விரலை அழுத்துவது, எப்போது ஓலையைத் திருப்புவது என்பனவற்றை ஏட்டில் எழுதிக் காட்டுதல் அரிது. அருகில் அமர்ந்து பார்த்தே கற்க வேண்டும். அன்று அம்மாணவன் தன் மாமாவின் அருகில் அமர்ந்து கற்றதும் அப்படித்தானே!

ஆகவே, பெற்றோர்களுக்கு ஒரு வேண்டுகோள் விடுக்கின்றோம். உங்கள் குடும்பத்தில் தோரணம் மடிக்கத் தெரிந்த தாத்தாவோ, பாட்டியோ, பெரியப்பாவோ இருப்பின், அடுத்த பண்டிகைக்கு முந்திய நாள் ஒரு குருத்தோலையை வாங்கி அவர் முன் வையுங்கள். பேரப்பிள்ளைகளை அருகில் அமர்த்துங்கள். ஒரு மணி நேரம் போதும். பள்ளிக்கு வந்து கற்பிக்க அவர் இசைந்தால், அவருக்காக எம் வகுப்பறைகள் திறந்திருக்கும். நல்ல நாளில் கற்பியுங்கள் என்பதே எம் வேண்டுகோளின் உட்பொருள்.

விருந்து முடிந்தபின் செய்ய வேண்டியதும் உண்டு. வாடிய ஓலையும் மாவிலையும் வாழையிலையும் பள்ளித் தோட்டத்து எருக்குழிக்குச் செல்லட்டும். உரித்தெடுத்த ஈர்க்குகளைச் சேர்த்துக் கட்டினால் வகுப்பறைக்கு ஒரு விளக்குமாறு கிடைக்கும். சுண்ணாம்பு சேர்ந்த சிவப்பு அரிசியைப் பறவைகளுக்கு இடாதீர்கள். அதனைத் தனியே அகற்றுங்கள். எஞ்சிய அரிசியை அடுத்த கோலத்திற்கு எடுத்து வைக்கலாம்.

எமக்குப் பாடம் கற்பித்த அந்த மூதாட்டி இன்று நம்மிடையே இல்லை. அவர் மறைந்த செய்தி கேட்டு நாம் சென்றபோது, வீட்டு முற்றத்தில் ஓர் இளைஞன் தரையில் அமர்ந்து ஓலை மடித்துக்கொண்டிருந்தான். அன்று ஐந்தாம் ஆண்டில் கையை உயர்த்திய அதே மாணவன்தான். இடைநிலைப் பள்ளியில் படித்துக்கொண்டிருந்தான். எம்மைக் கண்டதும் எழுந்து வணங்கிவிட்டு மீண்டும் அமர்ந்தான். மூன்று குருவிகள், தலைகீழாக. இம்முறை அறிந்தே மடித்தான். அவ்வாண்டுத் தீபாவளிக்கு முதல் நாள் பள்ளிக்கு வந்து, ஐந்தாம் ஆண்டுப் பிள்ளைகளைச் சுற்றி அமர்த்தி, நான்கு குருவித் தோரணத்தைக் கற்றுக்கொடுத்தவனும் அவனே.

அன்புக் குழந்தைகளே! வரும் பண்டிகையில் உங்கள் வீட்டு மேசையில் நீங்கள் செய்த ஒரு பொருளேனும் இருக்கட்டும். மடிப்புக் கோணலாக இருந்தாலும் குறையில்லை. விருந்தினர், "இதனைச் செய்தது யார்?" என்று கேட்பார். "நான்தான்" என்று சொல்லும் வாய்ப்பை வேறு எவருக்கும் விட்டுக்கொடுக்காதீர்கள்.

தலைமையாசிரியர்